சயனைடு மேடும் நம் வீடும்



நம் கோலார் தங்கவயலில் 1880 முதல் தங்கம் எடுத்தார்கள். 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கம் மூடப்பட்டது. ஆனால் மண்மேடுகள் அப்படியே இருக்கின்றன.

அது என்ன மண்? பாறையை மாவாக அரைத்தார்கள். சயனைடு கலந்த நீரில் தங்கத்தைப் பிரித்தார்கள். மிஞ்சிய தூளைக் கொட்டினார்கள். அதுதான் சயனைடு மேடு.

காற்றுக் காலத்தில் அந்தத் தூள் வீட்டுக்குள் வருகிறது. சோற்றில் விழுகிறது. பாறைத் தூளைப் பல ஆண்டு சுவாசித்தால் நுரையீரல் கெடும்.

இந்த 13 மேடுகளில் மீண்டும் தங்கம் எடுக்க, 2024 ஜூனில் கர்நாடக அரசு சம்மதம் தந்தது. வேலை கிடைத்தால் நல்லதுதான். ஆனால் தோண்டும்போது தண்ணீர் தெளிப்பார்களா? லாரியைத் தார்ப்பாயால் மூடுவார்களா? கிணற்று நீரைச் சோதிப்பார்களா? நாம் கேட்க வேண்டும்.

பெரிய சுரங்க வேலைக்கு அனுமதி தரும் முன், மக்களின் கருத்தைக் கேட்டுக் கூட்டம் நடத்த வேண்டும். இது 2006ஆம் ஆண்டு விதி. 30 நாள் முன்பே அறிவிப்பு வர வேண்டும். அதைப் படியுங்கள். பக்கத்து வீட்டாருக்கும் படித்துக் காட்டுங்கள்.

வாயால் சொன்னது மறந்துபோகும். எழுதிக் கொடுத்தது நிற்கும். நம் குறையை நாமே எழுதுவோம். கையெழுத்துப் போட்டுக் கொடுப்போம்.