குடும்ப ஏடு செய்வோம்



தோட்டம் துண்டாடப்பட்டு லயத்துச் சனம் பட்டணத்துக்கு வந்தபோது, பல வீடுகளில் தகரப் பெட்டியும் படங்களும் தொலைந்தன. மிஞ்சியதைக் கொண்டு ஓர் ஏடு செய்யுங்கள்.

'ரஜுலா' கப்பலில் பினாங்கு வந்த பாட்டியின் சீட்டு இருக்கிறதா? 1926இல் கட்டிய அக்கப்பலை 1974இல் உடைத்துவிட்டார்கள். சீட்டைப் பத்திரப்படுத்துங்கள்.

படங்களுக்குச் செல்லோடேப் வேண்டாம். நம்மூர் வெக்கையில் பசை பழுத்துப் படத்தைத் தின்றுவிடும். கறுப்புத்தாளை முக்கோணமாய் மடித்து, நான்கு மூலையிலும் செருகுங்கள். ஓரத்துக்குப் பட்டத்தாள் அழகுதான், ஆனால் ஈரத்தில் சாயம் கசியும், படத்தில் படக்கூடாது.

பிறப்புப் பத்திரத்தை மட்டும் ஒட்டிவிடாதீர்கள், சாமி! குடியுரிமைக்கு அலையும்போது மூலத்தைத்தான் கேட்பார்கள். நகலை ஒட்டுங்கள்.

பிள்ளைகளே, இன்றிரவே பாட்டியிடம், "இது யாரு?" என்று கேட்டு, படத்தின் பின்னால் பென்சிலால் மெதுவாக எழுதுங்கள்.