வாவிக்கரையிலிருந்து கண்டிக்கு

புளியந்தீவில் வாவியை நோக்கி நிற்கும் ஒல்லாந்தர் கோட்டை 1795ஆம் ஆண்டில் ஆங்கிலேயர் வசமாயிற்று. ஒன்பது ஆண்டுகளின் பின் அங்கே படைத்தலைமை வகித்தவர் கப்டன் ஆதர் ஜோன்ஸ்டன். அவருக்கு அப்போது வயது முப்பதும் நிரம்பவில்லை.

கண்டியரசோடு பகை முற்றியிருந்த காலம் அது. 1803இல் கண்டியிற் சரணடைந்த மேஜர் டேவியின் படையினருள் ஏறக்குறைய அனைவரும் கொல்லப்பட்டனர். தேசாதிபதி பிரெடெரிக் நோர்த், இங்கிலாந்தின் பிரதமராயிருந்த நோர்த் பிரபுவின் மைந்தர். அவர் பல திசைகளிலிருந்தும் ஏககாலத்திற் கண்டிமீது படை செலுத்தத் திட்டமிட்டார். பின்னர் அத்திட்டம் கைவிடப்பட்டது. எல்லைப்புறத்தைத் தாக்கித் திரும்பினாற் போதும் என்பதே புதிய கருத்து. ஆயின், மட்டக்களப்புக்கு வந்த கடிதத்தில் முன்னைய கட்டளை இரத்தாயிற்று என்பது தெளிவாக இல்லை. எழுதுவோர் கவனக்குறைவுக்கு ஏவலாளரே விலை கொடுப்பர் அன்றோ!

1804 செப்டெம்பரில், ஏறக்குறைய முந்நூறு வீரருடனும் சுமையாளர் பலருடனும் ஜோன்ஸ்டன் புறப்பட்டார். ஒக்டோபரிற் கண்டியை அடைந்தபோது நகர் வெறிச்சோடிக் கிடந்தது. மன்னர் இல்லை, வரவேண்டிய ஏனைய படைகளும் இல்லை. சின்னாட் காத்திருந்து, உண்மையை ஊகித்து, திருகோணமலைப் பாதையிற் திரும்பினார். மகாவலியைக் கடந்து, ஒற்றையடிப் பாதையின் இருமருங்கும் மறைந்து நின்றோர் சுட, மழையும் பசியும் வாட்ட, சுமையாளரிற் பலர் பொதிகளை எறிந்து காட்டினுள் ஓடினர். அவர்களைக் குறைகூற இடமில்லை. அது அவர்களுடைய போரன்று.

1805இல் தேசாதிபதியாக வந்த தோமஸ் மெயிற்லண்டு, பிரபு குலத்திற் பிறந்த படைத்தலைவராயிருந்தும், இத்தகைய படையெடுப்புகளை நிறுத்தினார். ஜோன்ஸ்டன் தம் அனுபவத்தை 1810இல் நூலாக எழுதி வெளியிட்டார்.