ஒன்பது பேர் உட்காரும் அமர்வு



பிரிக்பீல்ட்ஸ் பக்கம் இருப்பவர்கள் கேஎல் சென்ட்ரலில் எல்ஆர்டி ஏறினால் இரண்டாவது நிறுத்தம் மஸ்ஜித் ஜாமெக். இறங்கி ஆற்றைத் தாண்டினால் மணிக்கூண்டோடு நிற்கிறது சுல்தான் அப்துல் சமாட் கட்டடம். இன்று அங்கே படம் எடுக்க வருகிறவர்கள்தான் அதிகம். புத்ராஜெயாவுக்குக் குடிபோகும் முன் நாட்டின் உச்ச நீதிமன்றம் இருந்தது அங்கேதான்.

அந்த நீதிமன்றத்தின் தலைமை நீதிபதி என்றால் பெரிய பெரிய தீர்ப்பு எழுதுகிறவர் என்று நினைக்கிறோம். அதைவிடப் பெரிய அதிகாரம் ஒன்று அவர் கையில் உண்டு. எந்த வழக்கை எத்தனை நீதிபதிகள் கேட்பது, யார் யார் உட்காருவது என்று முடிவு செய்வது. கேட்பதற்கு டியூட்டி பட்டியல் போடுகிற வேலை மாதிரி இருக்கும். அது அவ்வளவு சின்ன வேலை இல்லை.

ஏன் என்று சொல்லும் முன் ஒருவரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். வானொலியில் பேசிக்கொண்டே அவரை விட்டுவிட்டுப் போக மனம் வரவில்லை. துன் முகமது சுஃபியான், 1974 முதல் 1982 வரை அந்த நாற்காலியில் இருந்தவர். 1963-இலிருந்து 1994 வரை பதவியின் பெயர் 'லார்ட் பிரசிடென்ட்'.  சுஃபியான் கோலகங்சார் பக்கத்துக் கம்பத்துப் பிள்ளை, கேம்பிரிட்ஜில் சட்டம் படித்தார். போர் வந்து மலாயா ஜப்பானியர் கைக்குப் போனதும் ஊர் திரும்ப வழியில்லை. புதுடில்லியில் அகில இந்திய வானொலியின் மலாய்ப் பிரிவில் சேர்ந்தார், பிறகு லண்டனில் பிபிசி. நம்ம ஆள்! நம் அரசியலமைப்பைப் பற்றி அவர் எழுதிய அறிமுக நூலைப் புரட்டினால் மைக் முன்னால் பழகியவர் எழுத்து என்பது தெரியும். சுற்றி வளைக்க மாட்டார்.

அவர் காலத்திலும் கடைசி வார்த்தை நம்முடையதாக இல்லை. கிள்ளானில் நடக்கும் நிலத் தகராறுகூட மேல்முறையீடு, மேல்முறையீடு என்று லண்டன் பிரிவி கவுன்சில் வரை போகலாம். சிவில் வழக்குகளுக்கு அந்தக் கதவு மூடியது 1985 ஜனவரி 1-ஆம் தேதி.

கடைசி வார்த்தை வீட்டுக்கு வந்து மூன்றே ஆண்டில் வீடு ஆட்டம் கண்டது. 1988-இல் லார்ட் பிரசிடென்ட் துன் சாலே அபாஸ். ஆளும் கட்சியான அம்னோவே சட்டவிரோத அமைப்பு என்று உயர்நீதிமன்றம் சொல்லிவிட்டிருந்தது. அதன்மீதான மேல்முறையீட்டை ஜூன் 13-ஆம் தேதி ஒன்பது நீதிபதிகள் கேட்பார்கள் என்று அவர் நாள் குறித்தார். மே 27-ஆம் தேதி அவரே இடைநீக்கம் செய்யப்பட்டார். மாமன்னருக்கு அவர் எழுதிய கடிதம்தான் காரணம் என்றது அரசு. அவரை விசாரிக்க அமைத்த விசாரணை மன்றத்துக்குத் தலைமை தாங்கியவர் யார்? அடுத்து அந்த நாற்காலிக்கு வரப்போகிறவர், அப்துல் ஹமீத் ஒமார்.

ஜூலை 2, சனிக்கிழமை. ஐந்து நீதிபதிகள் அவசரமாகக் கூடி, விசாரணை மன்றத்துக்குத் தடை விதித்தார்கள். அவர்களுக்குக் கிடைக்காதபடி நீதிமன்ற முத்திரையே பூட்டி ஒளித்து வைக்கப்பட்டிருந்தது என்று வழக்கறிஞர்கள் இன்றும் சொல்வதுண்டு. அந்த ஐவரும் இடைநீக்கம். அவர்களில் வான் சுலைமான், ஜார்ஜ் சியா இருவருக்கும் வேலையே போயிற்று. ஆகஸ்டில் சாலே அபாஸ் நீக்கப்பட்டார். ஒன்பது பேர் கேட்க வேண்டிய அம்னோ வழக்கை வேறு ஐந்து பேர் கேட்டுத் தள்ளுபடி செய்தார்கள்.

ஓய்வில் இருந்த சுஃபியான் சும்மா இருக்கவில்லை. 2000-ஆம் ஆண்டு, இறப்பதற்குச் சில மாதங்களுக்கு முன் பேசினார்: இன்றைய நீதிபதிகள் முன் நிற்க எனக்கு விருப்பமில்லை, அதுவும் நான் நிரபராதியாக இருந்தால் வேண்டவே வேண்டாம் என்ற பொருளில். முன்னாள் தலைமை நீதிபதி வாயிலிருந்து வந்த பேச்சு அது.

பிறகு 2019-இல் முதன்முறையாக ஒரு பெண் அந்த நாற்காலிக்கு வந்தார், தெங்கு மைமுன் துவான் மாட். கிளந்தான் மாநிலத்தின் ஷரியா குற்றவியல் சட்டத்தை எதிர்த்த வழக்கு அவரிடம் வந்தது. நாடே பதற்றத்தோடு பார்த்த வழக்கு. அவர் தலைமையில் ஒன்பது பேர் உட்கார்ந்தார்கள். 2024 பிப்ரவரி 9-ஆம் தேதி, எட்டுக்கு ஒன்று என்ற கணக்கில் 16 பிரிவுகள் செல்லாது என்று தீர்ப்பு வந்தது. இந்த முறை ஒன்பது பேரும் கேட்டு முடித்தார்கள். அந்த ஒன்பது பேரில் ஒருவர் நளினி பத்மநாதன்.