வலைப்பக்கப் பட்டியலும் தமிழ் அகரவரிசையும்



பொந்தியான் வட்டாரத் தமிழ்ப்பள்ளி ஒன்று, தன் மாணவர்க்கென முந்நூறு சொற்கள் கொண்ட பட்டியலை வலைப்பக்கத்தில் வெளியிட விரும்புகிறது எனக் கொள்வோம். முந்நூற்றையும் பக்கத்திலேயே தட்டெழுதி விடலாம். ஆனால் நாளை ஒரு சொல் கூடினாலும் பக்கத்தைப் பிரித்துத் திருத்த வேண்டும். சொற்களைத் தரவுத்தளத்தில் வைத்துவிட்டுத் தோற்றத்தை மட்டும் பக்கத்தில் எழுதுவதே தக்க முறை. இதற்கு உதவுபவை, வார்ப்புருவை ஏற்கும் வழங்கிக் கூறுகள். மைக்ரோசாப்ட் நிறுவனம் 2002இல் வெளியிட்ட ஏ.எஸ்.பி. டாட் நெட்டில் ரிப்பீட்டர், டேட்டாலிஸ்ட், டேட்டாகிரிட் என மூன்று கூறுகள் இருந்தன. கிரிட்வியூ 2005இலும் லிஸ்ட்வியூ 2007இலும் வந்து சேர்ந்தன.

இவற்றுள் ரிப்பீட்டரே எளியது. வகுப்பில் கற்பிக்கவும் அதுவே ஏற்றது என்பது நம் கருத்து. அதற்கெனத் தனித் தோற்றம் கிடையாது. தலைப்பு, உருப்படி, ஒன்றுவிட்ட உருப்படி, இடைப்பிரிவு, முடிவு ஆகியவற்றுக்கு வார்ப்புருக்களை நாமே எழுதித் தருகிறோம். இவற்றுள் உருப்படி வார்ப்புரு ஒன்றே இன்றியமையாதது. தரவை இணைக்கும் கட்டளை பிறந்ததும், தரவின் ஒவ்வொரு வரிக்கும் அவ்வார்ப்புருவின் படி ஒன்று உருவாகிறது. செங்கல் அறுப்பவரின் மரச்சட்டத்தைப் போல, சட்டம் ஒன்று, கல் ஆயிரம்.

ஆனால் எந்தக் கல் முதலில் வரவேண்டும் என்பதைச் சட்டம் அறியாது. தரவு வந்த வரிசையிலேயே ரிப்பீட்டர் அச்சிடும். தமிழ்ப் பட்டியல்கள் வழுவுவது இங்கேதான்.

யூனிகோடில் தமிழெழுத்துகளின் இருக்கை, இந்திய மொழிகளுக்குப் பொதுவாக அமைந்த இஸ்கி குறியேற்றத்தின் வழிவந்தது. தேவநாகரியை ஒட்டிய அந்தக் கட்டமைப்பில் நகரத்தை அடுத்து னகரமும், ரகரத்தை அடுத்து றகரமும் அமர்ந்தன. ழகரத்திற்கு முன் ளகரம் வந்தது. எஸ்கியூலைட் போன்ற தரவுத்தளம், வேறு ஏவல் இல்லாவிடில், இக்குறியெண் வரிசையிலேயே சொற்களை அடுக்கும். விளைவைக் காண்போம்: படம், பனை, பயிர், பறவை, பல், பள்ளி, பழம். நம் நெடுங்கணக்கின்படி அமைய வேண்டியதோ படம், பயிர், பல், பழம், பள்ளி, பறவை, பனை. புள்ளியும் இடர் தருகிறது. அகராதி மரபில் மெய் முந்துவதால் 'அக்கா' முன்னும் 'அகல்' பின்னும் வரவேண்டும். குறியெண் வரிசை இதைத் தலைகீழாக்கும்.

ழ, ள, ற, ன ஆகியவை தமிழில் சொல்லுக்கு முதலில் வருவதில்லை. ஆதலால் பட்டியலின் மேற்பரப்பைப் பார்ப்பவர்க்குப் பிழை புலப்படாது. க, ச, த, ப என எல்லாம் ஒழுங்காகவே தோன்றும். பிழை சொல்லின் நடுவே ஒளிந்திருக்கும். அகராதியைப் புரட்டக் கற்கும் நான்காம் ஆண்டு மாணவரோ, திரையில் கண்ட வரிசையையே மெய்யென நம்புவார். பெயர்ப்பட்டியலில் வேறொரு சிக்கலும் உண்டு. முதற்பெயர், குடும்பப்பெயர் எனப் பிரித்த அயல்நாட்டு அமைப்பை அப்படியே எடுத்தாண்டால், பிள்ளைகள் தந்தையர் பெயரால் வரிசைப்படுவர்!

இதனை வார்ப்புருவில் தீர்க்க முயல்வது வீண். இணைப்பதற்கு முன்பே, தமிழுக்குரிய ஒப்பீட்டு விதியை நிரலில் குறிப்பிட்டு அடுக்க வேண்டும். அது கைகூடாத இடத்தில், ஒவ்வொரு சொல்லுக்கும் நெடுங்கணக்கு எண்களால் ஆன திறவுகோல் ஒன்றைக் கணித்துத் தரவுத்தளத்தில் தனிக் கட்டமாக வைத்து, அதைக்கொண்டு அடுக்கலாம். க் என்பதற்கு ஓர் எண், க என்பதற்கு அடுத்த எண், கா என்பதற்கு அதற்கடுத்தது என ஒரு முறை எழுதிவிட்டால் எல்லாப் பட்டியலுக்கும் அதுவே போதும். மாணவர்கள் ஒரு பிற்பகலில் செய்து முடிக்கக்கூடிய பயிற்சி இது.

செய்தபின் மேற்கூறிய ஏழு சொற்களையும் உங்கள் பக்கத்தில் இட்டுப் பாருங்கள். படம் முதலிலும் பனை இறுதியிலும் நிற்க வேண்டும். பழம், பள்ளிக்கு முன்னர் வரவேண்டும்.