மரம் பருப்பது எப்படி?

(வீரகேரளம்புதூரில் ஐக்கிய சங்க அங்கத்தினர் முன்னிலையில் நிகழ்த்திய பிரசங்கம்)



இவ்வூரைச் சுற்றிலும் பனையும் உண்டு, புளியும் உண்டு. பாட்டன் காலத்துப் பனை இன்றும் ஏறக்குறைய அதே பருமனாக நிற்கிறது. பாட்டன் நட்ட புளியையோ ஒருவர் கைகளால் வளைத்துப் பிடிக்க இயலாது. இதன் காரணம் யாது?

புளி, வேம்பு, மா முதலிய மரங்களில் பட்டைக்கும் கட்டைக்கும் நடுவே மிக மெல்லியதொரு வளர்படலம் உண்டு. சாஸ்திரிகள் இதனைக் கேம்பியம் என்பர். இது உட்புறத்தில் புதிய கட்டையையும் வெளிப்புறத்தில் புதிய பட்டையையும் உண்டாக்குகிறது. பழைய கட்டை நாளடைவில் வைரமாகிறது. சங்கத்தின் லாபத்தில் ஒரு பங்கு வருஷந்தோறும் சேமநிதியில் சேர்ந்து சங்கம் வலுப்பெறுவது போன்றதே இது. பனைக்கு இப்படலம் இல்லை. அதன் பருமன், தண்டு மேலே எழும்புமுன்னரே பெரும்பாலும் அமைந்துவிடுகிறது. ஆகவே பனைக்கு உயிர் குருத்திலே. புளிக்கு உயிர் பட்டையின் அடியிலே.

இதனை அறியாமையால் நேரும் நஷ்டம் பெரிது. மருந்துக்கென்று மருதம்பட்டையையும் வேப்பம்பட்டையையும் மரத்தைச் சுற்றி உரிப்போர் உளர். வேர் உறிஞ்சும் நீர் கட்டை வழியாய் மேலேறுகிறது. இலை சமைக்கும் உணவு உட்பட்டை வழியாய் வேருக்கு இறங்குகிறது. சுற்றிலும் உரித்தபின்னும் இலை சில காலம் பசுமையாகவே இருக்கும். மரத்துக்கு யாதொரு தீங்கும் இல்லையென்று உரித்தவர் எண்ணுவர். அதற்குள் வேர் பட்டினியால் மடியும். பின்பு மரமே பட்டுப்போகும்.

ஒரு பக்கத்தில் மாத்திரம் காயமுண்டானால், ஓரத்திலுள்ள படலம் வளர்ந்து அதனை மெள்ள மூடும். ஆதலால் பட்டை வேண்டுவோர் முதிர்ந்த மரத்தில், ஒரு பக்கத்திலே, நெடுக்கில் ஒடுங்கிய கீற்றாக எடுத்தல் வேண்டும். கன்றைக் கம்பியால் இறுகக் கட்டலாகாது. தண்டு பருக்கும்போது கம்பி பட்டையை அறுத்து அதே தீங்கைச் செய்யும். கயிற்றால் கட்டினாலும் அவ்வப்போது தளர்த்துதல் வேண்டும். ஆடு பட்டையைக் கடிக்காதபடி முள்வேலியும் அவசியம்.

ஒட்டு மாங்கன்று கூடுவதும் இப்படலத்தாலேயே. இரு தண்டுகளின் படலங்களும் ஒன்றையொன்று தொடும்படி சேர்த்துக் கட்டினாலன்றி ஒட்டுப் பிடிக்காது.

நாற்பது வருஷம் வளர்ந்த மரத்தை ஓர் அரிவாள் அரைநாழிகையில் கொன்றுவிடும். சாலை மரம் எவருக்கும் சொந்தமன்று என்று எண்ணற்க. சங்கத்தின் பணத்தைப்போல அது எல்லோருக்கும் சொந்தம். எல்லோரும் காக்கவேண்டிய முதல்.