மரக்கால் யார் கையில்?

(திருவண்ணாமலையில் நிகழ்த்திய பேச்சு)



களத்தில் கூலி நெல் அளக்கும்போது நாம் முதலில் பார்ப்பது நெல்லையல்ல, மரக்காலை. அது சிறுத்தால் கூலி குறையும். படிப்பாளிகளின் பத்திரிகைகளையும் இன்று அளக்கிறார்கள். அந்த மரக்காலையும் நாம் பார்த்தாக வேண்டும். ஏனென்றால், சமூக விஞ்ஞானப் பத்திரிகைகளில் எழுதப்படுவது நம் கிராமம், நம் கூலி, நம் வாழ்க்கை.

அளப்பது எப்படி? ஒரு பத்திரிகை இரண்டு ஆண்டில் 400 கட்டுரை வெளியிட்டது என்று வைத்துக்கொள்வோம். அடுத்த ஆண்டில் வந்த கட்டுரைகள் அவற்றை 200 முறை மேற்கோள் காட்டின. 200-ஐ 400-ஆல் வகுத்தால் அரை. இதுதான் 'தாக்கக் காரணி'. அமெரிக்காவில் யூஜின் கார்ஃபீல்டு வகுத்த முறை இது. 1973-ல் சமூக விஞ்ஞானத்துக்கென்றே மேற்கோள் பட்டியல் வந்தது. இன்று அது கிளாரிவேட் என்ற கம்பெனியின் கையில் இருக்கிறது. பட்டியலில் இல்லாத பத்திரிகை எத்தனை முறை மேற்கோள் காட்டினாலும் கணக்கில் ஏறாது.

இந்த மரக்கால் எதைச் சிந்த விடுகிறது? 1916-ல் சென்னைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டர் மாணவர்களைக் கொண்டு சில கிராமங்களை ஆராய்ந்தார். இன்றைய நம் மாவட்டத்துத் தூசியும், விழுப்புரம் மாவட்டத்து இருவேல்பட்டும் அவற்றில் உண்டு. 1918-ல் அது நூலாயிற்று. 1936-37-ல் தாமஸும் ராமகிருஷ்ணனும் அந்த ஆராய்ச்சியைத் தொடர்ந்தார்கள். 1983-ல் குகனும் ஜோன் மென்ச்சரும் இருவேல்பட்டின் மாறுதல்களைப் பம்பாய் 'எகனாமிக் அண்ட் பொலிடிகல் வீக்லி'யில் எழுதினார்கள். முதல் நூல் வந்து 65 ஆண்டு! கூலியும் நிலமும் எப்படி மாறின என்று காண இத்தனை காலம் வேண்டும். இரண்டாண்டு மரக்காலில் இந்தப் பயன் ஒரு மணிகூட விழாது. பின்னால் வந்த ஐந்தாண்டுக் கணக்குக்கும் எட்டாது.

அளவே வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. எந்தப் பத்திரிகையை வாங்குவது என்று நூலகம் யோசிக்க அது உதவும். ஆனால் பத்திரிகையின் எண்ணை வைத்து ஆளை எடை போடுவது அநியாயம். 2012-ல் சான் பிரான்சிஸ்கோவில் கூடிய பத்திரிகை ஆசிரியர்களே இதைக் கண்டித்துப் பிரகடனம் செய்தார்கள். உத்தியோக உயர்வு அந்த எண்ணில் தொங்கினால், இருபது ஆண்டு கழித்துப் பயன் தரும் கிராம ஆராய்ச்சிக்கு யார் வருவார்கள்?

ஆகவே, தோழர்களே, கணக்கெடுக்க வருகிறவர்களிடம் கேட்போம்: "எங்களைப் பற்றி எழுதியதைத் தமிழில் எங்களுக்குப் படித்துக் காட்டுங்கள். சரியா தப்பா என்று நாங்கள் சொல்கிறோம்." அந்த அளவு எந்தக் கம்பெனியிடமும் இல்லை. அது நம்மிடம் இருக்கிறது.