பூசியும் ஆறாத அரிப்பு

மறைவிடத்தில் அரிப்பு ஏற்பட்டால் அதனை வெளியே சொல்ல நாணுவோர் பலர். ஒருவாறு துணிந்து வைத்தியரிடம் சென்று, அவர் கொடுத்த களிம்பைப் பூசியும் குணங் காணாவிடின், மீண்டும் செல்லக் கூசி, அதே களிம்பையே மாதக்கணக்காகப் பூசிவருவர். தீங்கு விளைவது இங்கேதான்.

அரிப்புக்குக் காரணம் ஒன்றன்று. தொடையிடுக்கில் வட்டமாகப் பரவும் படர்தாமரை பூஞ்சணத்தால் வருவது. அதன்மீது ஸ்டீரொயிட் களிம்பைப் பூசினால் சிவப்பும் அரிப்பும் சில நாள் அடங்கும். பூஞ்சணமோ அழியாது பரவும். இவ்வாறு உருமாறி மறைந்திருக்கும் படர்தாமரைக்கு 1968ஆம் ஆண்டில் ஐவ், மாக்ஸ் என்னும் வைத்தியர் இருவர் தனிப்பெயரே இட்டனர். அவ்விடத்துத் தோல் மெல்லியது. மருந்தை மிகுதியாக உறிஞ்சும். நெடுநாட் பூச்சினால் அது மேலும் மெலிந்து, வரித்தழும்பும் உண்டாகும்.

சொறிச்சிரங்காயின், வீட்டார் யாவரும் ஒரே வேளையில் மருந்து பூசாவிடின் மறுபடியும் தொற்றும். நீரிழிவு கட்டுக்கடங்காதவரைப் பூஞ்சண நோய் திரும்பத் திரும்ப வரும். சிலவேளை களிம்பிற் கலந்த நியோமைசின் போன்ற மருந்தோ, ஓயாது தேய்க்கும் சவர்க்காரமோதான் எரிச்சலை வளர்ப்பது.

ஆகவே, குறித்த காலத்துட் குணங் காணாதவர், பூசிய மருந்துகள் யாவற்றையும் எடுத்துக்கொண்டு மீண்டும் வைத்தியரிடம் செல்லல் வேண்டும். தோலைச் சிறிது சுரண்டி நுணுக்குக்காட்டியில் நோக்கினால் பூஞ்சணம் புலப்படும். ஆறாத புண்ணோ வெண்படையோ தடிப்போ காணப்படின் தாமதம் தகாது. அரிதாக அது புற்றுநோயின் தொடக்கமாகவும் இருத்தல் கூடும். கண்ணில் வந்த நோயைச் சொல்ல நாணுவார் இல்லை. இதுவும் உடலில் வந்த நோயே.